அடுத்த வீட்டுப் பாவங்கள்

கல்யாணமாகி ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்கு நான் குடிவந்தபோது, அங்கே எங்கள் சபையைச் சேர்ந்த எல்லாரும் நீதிமான்களாக இருந்தார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. வந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் வந்து, தன் வீட்டைத் தவிர மற்ற வீடுகளில் நடப்பது எதையும் நம்பாதே என்று எனக்கு அன்போடு சொல்லிவிட்டுப் போனாள். எல்லார் சொன்னதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நம்பத்தக்க வீடு எங்கள் வீடு ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் நாங்கள் புதிதாக வந்தவர்கள் என்பதால்.

என் வீட்டுக்காரர் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் பாளையங்கோட்டையில் போர்டிங்கில் தங்கிப் படித்தவள் ஆகையால் சின்னப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய காலம் அது.

ஊரில் நெடுநாள் இருந்த பழைய உபதேசியார் எல்லாருக்கும் பிரியமானவர். காலை ஜெபத்தில் வேதபாகம் வாசிப்பார், நாலு வார்த்தை சொல்லுவார், கண்ணை மூடி ஜெபிப்பார், சில நாள் அப்படியே தூங்கிவிடுவார். ஜனங்கள் சத்தம் காட்டாமல் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். அவர் வயதாகி ஓய்ந்த பிறகு வந்தவர்தான் நான் சொல்லப்போகும் புதிய உபதேசியார். ஒல்லியான மனிதர். வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் குடை. பாளையங்கோட்டையில் உபதேசிமார்களுக்கான படிப்பை முடித்துவிட்டு, படித்தது எதுவும் ஆறிப்போகுமுன் நேரே எங்கள் ஊருக்கு வந்தவர். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் சொல்லாத குற்றங்கள் ஒரு மூட்டை கிடக்கிறது, வாயைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்துவிட்டால் எல்லாம் கொட்டிவிடும் என்று அவர் நம்பினார். மூட்டையில் இருப்பது யாருடைய குற்றம் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

லெந்து என்னும் தபசு நாட்கள் தொடங்கின காலையில் அவர் வாசித்தது, பிறன் கண்ணில் துரும்பைத் தேடுகிறவன் தன் கண்ணில் கிடக்கும் உத்திரத்தை உணராததைப் பற்றிய பாகம். வாசித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இன்று முதல் உயிர்த்தெழுந்த பண்டிகை வரைக்கும் தினமும் வேதவாசிப்பு முடிந்ததும் சற்று நேரம் அமைதியாக இருப்போம். நேற்று நாம் செய்ததை நாமே சோதித்துப் பார்ப்போம். மனமுள்ளவர்கள் எழுந்து தங்கள் குற்றம் ஒன்றைச் சபையாருக்கு முன்பாகச் சொல்லலாம். ஒன்று போதும்."

முதல் சில நாள் யாரும் எழுந்திருக்கவில்லை. இருமினார்கள், தொண்டையைச் செருமினார்கள், கூரை மேல் கத்துகிற காக்கையை அண்ணாந்து பார்த்தார்கள். உபதேசியார் முகம் வாடிப்போனது. அப்போதுதான் ஒருநாள் மூப்பர் எழுந்து நின்றார். அவர் சபைக்கு மூப்பர், ஊருக்குப் பெரிய வாழைத்தோட்டக்காரர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பினார்.

"நான் பாவி. நேத்து எனக்குக் கோவம் வந்துட்டு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆடு என் தோட்டத்துல பூந்து வாழக்கன்ன எல்லாம் கடிச்சுப் போட்டுட்டு. கட்டிப் போடும் வேன்னு எத்தன தடவ சொல்லியாச்சு, கேக்க மாட்டுக்காரு. அப்படிப்பட்ட மனுஷர் மேல நான் கோவப்பட்டுட்டேன். கர்த்தர் என்னைய மன்னிக்கணும்."

உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் கண்களில் நீர் நின்றது. ஆட்டுக்காரர் முகத்தில் நின்றது வேறு.

மறுநாள் உபதேசியார் வேதத்தை மூடுவதற்கு முன்பே ஆட்டுக்காரர் எழுந்துவிட்டார். "நானும் பாவிதான். புறம்போக்க வளைச்சுத் தோட்டம் போட்டவருக்கு ஒரு வேலி போட வக்கில்லையேன்னு ஒருத்தர மனசுக்குள்ள இகழ்ந்துட்டேன். அவர் பேரச் சொல்ல மாட்டேன். இகழ்ந்தது என் தப்பு."

அதற்குப் பிறகு மடை திறந்தது. மருமகள் வெயில் முதுகில் அடிக்கிற வரைக்கும் தூங்குகிறாளே என்று பொறுமை இழந்த பாவத்தை ஒரு மாமியார் அறிக்கை செய்தாள். உப்புப் பானையை மாமியார் பூட்டி வைக்கும்போது முறுமுறுத்த பாவத்தை மருமகள் அறிக்கை செய்தாள். தம்பி குடித்துவிட்டு வந்ததைக் குருவானவரிடம் சொல்லாமல் மறைத்த பாவத்தை அண்ணன் சொன்னான். தகப்பன் விட்டுப்போன நிலத்தை அண்ணன் ஒருவனே உழுவதைக் கண்டு மனங்கசந்த பாவத்தைத் தம்பி சொன்னான். எல்லாரும் 'நான் பாவி' என்றுதான் தொடங்கினார்கள். அந்த இரண்டு சொல்லும் சாப்பாட்டுக்கு முன் வைக்கும் உப்பு மாதிரி. தொட்டுக்கொண்ட பிறகு இலையில் விழுந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பண்டம்.

காலை ஜெபத்துக்குக் கூட்டம் பெருகியது. காய்ச்சலில் கிடந்தவர்கள்கூடப் போர்வையோடு வந்தார்கள். வருவதில் பக்தியும் இருந்தது, பயமும் இருந்தது. நாம் போகாத நாளில் நம்மைப் பற்றி யார் என்ன பாவம் செய்துவிடுவார்களோ! சபையைச் சேராதவர்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போகிற வழியில் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஏரல் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு சைவப் பிள்ளை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "என்ன வே வாத்தியாரே, உங்க கோயில்ல காலம்பற நல்ல கச்சேரியாமே? நாங்க காசு குடுத்துக் கூத்து பாக்கோம், உங்களுக்குச் சும்மாவே நடக்குது" என்று சொன்னாராம். என் வீட்டுக்காரர் இதை வருத்தத்தோடு வந்து சொன்னார். அந்தப் பிள்ளையைப் போலத் தெளிவாகப் பார்த்தவர் எங்கள் சபையில் ஒருவரும் இல்லை என்று எனக்குப் பட்டது.

உபதேசியாருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஆவியானவர் ஊரில் இறங்கிவிட்டார் என்று ஐயருக்கு எழுதினார். ஐயர் என்பது எங்கள் குருவானவர். பல ஊர்ச் சபைகளுக்கு அவர் ஒருவரே. மாட்டு வண்டியில் சுற்றிக்கொண்டிருப்பார், எங்கள் ஊருக்குப் பண்டிகையை ஒட்டித்தான் வருவார்.

ஒருநாள் காலையில் நான் பின்வரிசையில் இருந்தபோது, ஆண்கள் பக்கத்தில் எழுந்து நின்றது என் வீட்டுக்காரர். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு அவர் சொன்னார்: "நான் பாவி. தேவன் தந்த ஆகாரத்தை ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொள்ளாமல், என் வீட்டில் வைக்கிற குழம்பைக் குறித்து நேற்று மனதுக்குள் முறுமுறுத்தேன்."

சபையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே தலையாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "குழம்பு நல்லால்லன்னா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"உன்னட்டச் சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"ஊருக்குச் சொன்னா வருத்தப்பட மாட்டேனா?"

"நான் என் குத்தத்தத்தானே சொன்னேன்?"

அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். கெட்ட மனிதர் அல்ல. எல்லாரும் எழுந்து நின்று ஏதாவது சொல்லும்போது, வாத்தியார் மட்டும் குற்றமில்லாதவர் போல உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும் என்று தேடிப் பார்த்திருக்கிறார். கைக்கு அகப்பட்டது என் குழம்பு. அன்று மத்தியானமும் அதே குழம்பைத்தான் வைத்தேன். ஸ்தோத்திரத்தோடு சாப்பிட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

எங்கள் தெருக்கோடியில் ஒரு கைம்பெண் இருந்தாள். ஊராருக்கு நெல் அவித்துக் குத்திக் கொடுத்துப் பிழைத்தாள். கோயில் பீடத்தில் விரிக்கிற வெள்ளைத் துணிகளையும் நற்கருணைத் துணிகளையும் ஆற்றில் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்துத் தருவதும் அவள்தான். ஒரே மகள், என் வகுப்பில் படித்தாள். தாய் வாழ்க்கைப்பட்ட பிறகு ஞானஸ்நானம் பெற்றவள். பிறந்த வீட்டார் அக்கரையில் இன்னும் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. வாய் நீளம். கிணற்றடியில் அவளோடு சண்டை போடாத பெண் கிடையாது. எங்கள் வீட்டு நெல்லைக் குத்தி வந்தபோது அரிசியில் கல் கிடந்ததென்று நானே ஒருதரம் கேட்டு, "உங்க பல்லு நல்லாருக்கான்னு பாத்துக்கிட்டியள்லா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அந்த லெந்துக்குச் சற்று முன்னால் அவள் மகளுக்கு அம்மை கண்டது. கடுமையான அம்மை. வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சபையாரும் போகவில்லை. தூர நின்று ஜெபித்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை எப்படியோ பிழைத்துக்கொண்டது. உடம்பு தேறிப் பள்ளிக்கூடம் வந்த அன்று, முகமெல்லாம் தழும்பாக, மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறோடு வந்தது. நான் அதைப் பார்த்தேன். "கயித்த ரவிக்கைக் கைக்குள்ள ஏத்தி விட்டுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். பிழைத்து வந்த பிள்ளையிடம் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் மஞ்சள் கயிற்றை மூப்பர் வீட்டம்மாளும் பார்த்துவிட்டாள். அவளுக்கு வாய் நீளமில்லை. மெல்லத்தான் பேசுவாள். கோயிலில் முதல் பாய் அவளுக்கு. மறுநாள் காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நான் மகா பாவி. தெரிஞ்ச ஒரு தப்ப இரக்கத்தினால மூடி வச்சுட்டேன். நம்ம சபையில, அதுவும் பீடத்துத் துணியத் தொடுத கை, அக்கரையில அம்மன் கோயில்ல போயி நேந்துகிட்டு வந்திருக்கு. ஏழையாச்சே, சொன்னாப் பொழப்புப் போயிருமேன்னு பாத்தேன். அப்படி இரக்கப்பட்டது என் குத்தம். மன்னிக்கணும்."

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதற்கு இணையாக ஒன்றும் கேட்டதில்லை. ஒருத்தியைக் குழியில் தள்ளிவிட்டு, முந்தின நாளே தள்ளாமல் விட்டதற்காக மன்னிப்புக் கேட்டாள்!

அந்தக் கைம்பெண் அன்றைக்குக் கோயிலுக்கு வரவில்லை, நெல் அவிப்பு. செய்தி அவள் வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! மறுநாள் வந்தாள். வேதபாகம் வாசித்து முடிகிற வரைக்கும் பெண்கள் பக்கத்துச் சுவரோரம் சாய்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். கிணற்றடிச் சண்டையை இங்கே போடப்போகிறாள் என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மூப்பர் வீட்டம்மாள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"மதினி சொன்னது நெசந்தான்" என்றாள் அவள். "நான் போனேன். பிள்ள தொட்டாப் பொசுக்குத மாதிரி கெடந்துச்சு. இங்கன சாமிட்டக் கேட்டேன். அது போதாதுன்னு அங்கனயும் போயிக் கேட்டேன். மஞ்சத் தண்ணி வாங்கியாந்து ஊத்துனேன், கயிறு கட்டுனேன். யாரும் என்னைய இழுத்துக்கிட்டுப் போவல. நானாத்தான் போனேன். சாமி கைவிட்டுருவாருன்னு பயந்தது என் தப்பு. அதத்தான் சொல்ல வந்தேன்."

உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய அண்ணன் பெண்டாட்டிதான் அக்கரையிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனாள் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பழியை அந்த அண்ணன் பெண்டாட்டி மேல் போட்டிருக்கலாம். தூர நின்று ஜெபித்த சபையார் மேல் போட்டிருக்கலாம். அதற்கு நியாயமும் இருந்தது. இரண்டையும் அவள் தொடவில்லை. இத்தனை காலையில் ஒருவர், தன் குற்றத்தைத் தன் குற்றமாக மட்டும் சொன்னது அதுதான் முதல் தடவை.

உபதேசியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேதத்தைத் திறந்தார், மூடினார், குடையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் மாற்றி வைத்தார். அவர் நெடுநாள் காத்திருந்த விருந்தாளி வாசலில் வந்து நின்றபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியில், "இது சபைக் கமிட்டியார் தீர்மானிக்க வேண்டிய காரியம்" என்றார்.

கமிட்டி அன்று சாயங்காலமே கூடியது. மூப்பர், ஆட்டுக்காரர், என் வீட்டுக்காரர், இன்னும் சிலர். அவளை அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணையிலிருந்து விலக்குவது, குற்றம் செய்தவர்களுக்கான பின்பாயில் உட்கார வைப்பது, பீடத்துத் துணிகளைத் திரும்ப வாங்குவது என்று தீர்மானம். ஆட்டுச் சண்டை ஓயாத அந்த இரண்டு பேரும் இந்த ஒரு காரியத்தில் கை கோத்துக்கொண்டார்கள்.

"நீங்க என்ன சொன்னிய?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவர் கை கழுவப் போனார்.

அந்த வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பெரிய பானையில் நெல் வெந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "என்ன வாத்தியாரம்மா, அரிசியில கல்லா?" என்றாள்.

"சும்மாதான் வந்தேன்."

"இந்தப் பக்கம் சும்மா யாரும் வரமாட்டாங்களே." ஒரு ஓலைத்தடுக்கை எடுத்துப் போட்டாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே அவளாகப் பேசினாள். "சொன்னப்பம் நெஞ்சு லேசாத்தான் இருந்துச்சு, கேட்டியளா. இப்பம் கனக்கது அவிய தூக்கி வச்சது. என் தப்புக்கு நான் அழுதுக்கிடுவேன். அவிய தீர்ப்புக்கும் சேத்து அழ எனக்கு நேரமில்ல. நெல்லு கெடக்கு."

அப்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மகள் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து வேதபுத்தகத்தை எடுத்து ஒரு பாகம் வாசித்தாள். தாய்க்கு வாசிக்கத் தெரியாது. கேட்டு முடித்துவிட்டு அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள், எனக்கல்ல, யாருக்கோ: "இன்னைக்குக் கோழிய வெரட்டுதேன்னு அடுத்த வீட்டுப் பிள்ளையக் கண்டபடி ஏசிட்டேன். அது அழுதுச்சு. பாக்காத மாதிரி இருந்துட்டேன்." அவ்வளவுதான். கோழி ஏன் வந்தது, யாருடையது, எத்தனை நெல்லைத் தின்றது என்பதெல்லாம் இல்லை. மகள் "ஆமென்" என்றாள். பிறகு தாய் எழுந்து அகப்பையை எடுத்துக்கொண்டு, "ஏட்டி, அந்த மூடிய எங்கன வச்ச?" என்று மகளை ஏசத் தொடங்கினாள். நான் வீட்டுக்கு வந்தேன்.

இதற்கிடையில் ஊர் புகைந்தது. காலையில் அறிக்கை செய்யப்பட்டவர்கள் எல்லாரும் மத்தியானம் பஞ்சாயத்துக்குக் கிளம்பினார்கள். அண்ணன் தம்பி பேச்சு நின்றது. மாமியாரும் மருமகளும் தனித்தனி அடுப்பு வைத்தார்கள். ஒவ்வொருவராக ஐயர் தங்கியிருந்த ஊருக்கு நடந்துபோய் முறையிட்டார்கள். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, நற்கருணைக்கு ஆயத்தப்படுத்துகிற ஆராதனைக்காக ஐயர் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது, வெயிலில் வந்த களைப்பும் முறையீடுகளைக் கேட்ட சலிப்பும் சேர்ந்து முகம் கறுத்துக் கிடந்தார். அவருடைய ஞானத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவரை நடத்தியது எரிச்சல்தான் என்று நினைக்கிறேன்.

ஆராதனையில் அவர் பிரசங்கம் செய்யவில்லை. "இந்த லெந்தில் தன் குற்றத்தைச் சபைக்கு முன்பாக அறிக்கை செய்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்.

ஏறக்குறைய எல்லாரும் எழுந்து நின்றார்கள். மூப்பர் முதலில். முகங்களில் ஒரு களை. பரிசு கொடுக்கப்போகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ.

"நல்லது. ஒவ்வொருவரும் அதை இன்னொரு தடவை சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. வேறொரு மனுஷனும் அதற்குள் வரக்கூடாது. மூப்பரே, நீர் தொடங்கும்."

"எனக்குக் கோவம் வந்துட்டு ஐயா. அந்த ஆடு..."

"ஆட்டை விடும்."

"ஆட்ட விட்டா... கோவம் எப்படி ஐயா வந்துச்சுன்னு..."

"அது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. வந்த பிறகு நீர் என்ன செய்தீர்?"

மூப்பர் இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கட்டினார். ஆட்டை எடுத்துவிட்டால் அவர் பாவத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. "உட்காரும்" என்றார் ஐயர். ஆட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கேட்கப்படுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் உட்கார்ந்தான், தம்பி உட்கார்ந்தான். மாமியாரும் மருமகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் பைய என் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மூப்பர் வீட்டம்மாள், "நான் இரக்கப்பட்டது..." என்று தொடங்கி, யார் மேல் என்று சொல்லக்கூடாதாகையால் அங்கேயே நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு பாயில் இறங்கினாள்.

கடைசியில் பின்பாய்க்குப் பக்கத்தில் ஒருத்தி மட்டும் நின்றாள். ஐயர் அவளைக் கேட்கவில்லை. அவள் சங்கதி அவருக்குத் தெரியும். "நீ நாளைக்கு நற்கருணைக்கு வரலாம் தாயி" என்றார்.

அவள் கோயிலைச் சுற்றிப் பார்த்தாள். "இவியளும் வருவாவளா ஐயா?"

"வருவார்கள்."

"அப்பம் சரி, நானும் வாரேன். ஆனா அந்தத் துணிய மட்டும் இனிமே வேற யாராவது தொவைக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். ஐயரும் சிரித்திருப்பார், அதற்குள் மூப்பர் தன் வெட்கத்தைத் தாங்க மாட்டாமல், "ஐயாவும் ஒண்ணு சொன்னா எங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். நல்ல கேள்வி. அந்த ஊரில் மூப்பர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல கேள்வி. ஐயர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லாரும் எழுந்து உரக்கப் பாடினோம்.

பண்டிகையன்று பீடத்தில் விரித்திருந்த துணியில் நீலம் திட்டுத்திட்டாக ஏறியிருந்தது. அதை மூப்பர் வீட்டம்மாள் வேலைக்காரியிடம் கொடுத்துத் துவைத்ததாகச் சொன்னார்கள். பின்பாயை யாரோ சுருட்டி வைத்துவிட்டார்கள். அந்தக் கைம்பெண் மற்றவர்களோடு முழங்காலிட்டு வாங்கிக்கொண்டு, எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். மறுநாள் கிணற்றடியில் வாளி முறைக்காக அவள் போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

காலை அறிக்கை அதோடு நின்றது. கூட்டமும் கரைந்தது. அறுப்புக்குப் பிறகு உபதேசியாரை மேற்கே முக்கூடல் பக்கம் மாற்றினார்கள். போகுமுன் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் விடைபெற்றார். பலகைக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். "நானும் என்னைச் சோதித்துப் பார்த்தேன், வாத்தியாரே. என் பேரிலும் ஒரு குற்றம் இருக்கத்தான் செய்கிறது" என்றார். எனக்குச் சற்று மரியாதை பிறந்தது. "என்னவென்றால், மனுஷரை நான் அதிகமாக நம்பிவிட்டேன்" என்று முடித்தார். பிறந்த மரியாதை அங்கேயே செத்தது. முக்கூடல் பக்கத்திலும் போய் அதையே தொடங்கினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

சில வருஷங்கள் கழித்து எங்களுக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் வந்தது. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மூப்பர் வீட்டம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெய்யாகவே அழுதாள்.

"ஏதாவது தப்பா நடந்திருந்தா மனசுல வச்சுக்கிடாதிய" என்றாள்.

"எத மதினி?"

அவள் அழுகையை நிறுத்தி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "குறிப்பா ஒண்ணுமில்லம்மா. பொதுவாத்தான் சொல்லுதேன்."

வண்டி தெருக்கோடியைத் தாண்டும்போது, நெல் அவிக்கிற புகை முற்றத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அவள் வழியனுப்ப வரவில்லை. அடுப்பை விட்டு வர முடியாது. புகைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது: "வாத்தியாரம்மா, நம்ம பிள்ளைக்கு அங்கன போர்டிங்குல எடம் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க! மறந்துராதிய!" கேட்டுச் சொன்னேன். மறு வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஒரு தகரப்பெட்டியோடு, தழும்பு முகத்தோடு அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.